பச்சையில் நீலம்

துரைக்கண்ணு தன் கண்ட்ரோல் ரூமைத் தானே கெடுத்துக்கொண்டது சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு. முப்பது வருஷமாகக் கேபிள் டிவி நடத்தி ஊருக்குப் படம் காட்டுகிற மனிதர். எந்தத் தப்பைச் செய்யவே கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். அந்தத் தப்பையே விசிறியை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆற அமரச் செய்தார்.

எல்லாம் கோவிந்தராசுவைப் பார்ப்பதற்காக. இருபத்துநான்கு வருஷம் கூட வேலை செய்த கூட்டாளி. ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. அவர் வீடு அங்கேயிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான். நடந்தால் இருபது நிமிஷம், வண்டியில் போனால் வெற்றிலை மெல்லுகிற நேரம். அந்த ஒன்றரை கிலோமீட்டரைத் துரைக்கண்ணுவால் கடக்க முடியவில்லை. அதனால் ஊருக்கே படத்தைக் கெடுத்தார்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற சாலையில் ஒரு சின்னக் கடைத்தெரு. அங்கே உரக்கடை மாடியில்தான் கண்ட்ரோல் ரூம். கீழே அல்லா பிச்சையின் டீக்கடை. தொண்ணூற்றைந்தில் மொட்டை மாடியில் ஒரு டிஷ் குடையை நிமிர்த்தி, நாற்பது வீட்டுக்குக் கேபிள் இழுத்து இருவரும் தொழிலை ஆரம்பித்தார்கள். துரைக்கண்ணு நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. கோவிந்தராசு தெற்குத்தெரு. அவருடைய அம்மா துரைக்கண்ணு வீட்டு வயலில் நடவு நட்டவர். கோவிந்தராசு ஐ.டி.ஐ. படித்துவிட்டு டிவி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தில் இறங்க மனமில்லாத ஒருவரும், இறங்கக் கூடாது என்று அம்மா அடித்துப் படிக்கவைத்த ஒருவரும் கம்பத்தின் மேலே நண்பர்கள் ஆனார்கள். கம்பத்தின் மேலே கோவிந்தராசு அவரை “வா, போ, துரை” என்பார். கீழே இறங்கி நாலு பேர் வந்துவிட்டால் “வாங்க, போங்க.” இந்த ஏற்பாட்டை இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஊர் பேசி வைத்திருந்தது.

ஜெயித்தது கோவிந்தராசுவின் மூளைதான். அதைச் சொல்லத் துரைக்கண்ணு ஒருநாளும் தயங்கியதில்லை. வீட்டில் சொல்வார், டீக்கடையில் சொல்வார், கோவிந்தராசு இருக்கும்போது மட்டும் சொல்லமாட்டார்.

இரண்டாயிரத்து ஏழில் செப்புக் கேபிளைக் குறைத்துக் கண்ணாடி இழை போட்டார்கள். அதற்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் பெட்டி வந்தது. பெட்டிக்குள்ளே நகக்கண் அளவில் ஒரு லேசர். அதன் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில்தான் அத்தனை சேனலும் ஏறி, மயிரிழைக் கண்ணாடி வழியாக ஆறு ஊருக்குப் போகும். போட்ட மூன்றாம் மாதம் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி. கெட்ட பெட்டியை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று துரைக்கண்ணு கத்தினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கோவிந்தராசு இரண்டு நாள் அதன் முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பெட்டியின் பின்பக்கம் கை வைத்துக் காட்டினார். ஒயரின் முனைப் பிளக்கைத் தலை என்பார்கள்; பச்சைத் தலை சொருக வேண்டிய துளையில் நீலத் தலை சொருகியிருந்தது. பச்சை ஒயர் ஒடிந்துபோனதென்று துரைக்கண்ணு திருச்சியிலிருந்து வாங்கி வந்து மாட்டியது அது. தலைதானே, நிறத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

சென்னையிலிருந்து பெட்டியைச் சோதிக்க வந்திருந்த இன்ஜினியர் அசந்துபோய், அதற்கு இன்டென்சிட்டி நாய்ஸ் என்று பெயர் சொன்னார். லேசரின் வெளிச்சம் எப்போதும் ஒரே சீராக இருக்காதாம். என்னதான் சீராகக் கரண்ட் கொடுத்தாலும் துளி நடுங்கிக்கொண்டேதான் இருக்குமாம். அது அதன் பிறவிக் குணம், அந்த அளவில் படத்துக்குக் கெடுதி இல்லை. ஆனால் போன வெளிச்சம் எங்கேயாவது மோதி லேசருக்குள்ளேயே திரும்பி வந்தால் நடுக்கம் பெருகிவிடும் என்றார். அவர் ரயிலேறிய பிறகு கோவிந்தராசு அதையே துரைக்கண்ணுவுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்.

“மதகைத் திறந்தா தண்ணி போயிக்கிட்டே இருக்கணும். எதுக்க கரை நெட்டுக்குத்தா நின்னா, மோதித் திரும்பி மதகு வாயிலயே குதிக்கும். அப்பறம் கடைமடைக்குப் போற தண்ணி சீரா போவுமா? பச்சையோட மூஞ்சியச் சாய்ச்சு சீவியிருக்கான். திரும்புற வெளிச்சம் பக்கத்துல ஒதுங்கிடும். நீலம் நேர் மூஞ்சி. பச்சையில நீலத்தச் சொருவுனா போனது அப்படியே திரும்பி வரும்.”

பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். அன்றைக்கு மார்க்கர் பேனாவால் கோவிந்தராசு சுவரில் எழுதியது இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தபோதும் அந்த இடத்தை விட்டு அடிக்கச் சொன்னார் துரைக்கண்ணு. தினமும் மாலையில் ஒருமுறை பச்சைத் தலைகளைக் கழற்றிப் பஞ்சு போன்ற தாளால் துடைத்து மாட்டுவது கோவிந்தராசுவின் பழக்கம். தூசி இருந்தாலும் வெளிச்சம் திரும்பும் என்பார். கீழேயிருந்து இரண்டு டீ வரும், ஒன்று சர்க்கரை இல்லாமல். கஜா புயல் ஒரே நாளில் எல்லாக் கம்பத்தையும் படுக்கவைத்தபோது, நாற்பது நாள் இருவரும் சேற்றில் நின்று கம்பியை ஒட்டினார்கள். இந்தத் தொழிலும் இந்த ஆளும் சாகிறவரை கூட வரும் என்று துரைக்கண்ணு அப்போது நினைத்தார். ஒருவரை நினைத்து நிம்மதியாக இருப்பதுபோல் ஆபத்தான காரியம் வேறு இல்லை.

புயலுக்கு மறு வருஷம் ஆவணியில் மகள் கவிப்ரியாவுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் துரைக்கண்ணுவும் மனைவி வள்ளியம்மையும் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு போய்ப் பத்திரிகை வைத்தார்கள். கோவிந்தராசு வீட்டுக்கும் வள்ளியம்மை தட்டு எடுத்துவைத்தாள். துரைக்கண்ணுவின் அண்ணன் பார்த்துவிட்டு, அந்தத் தெருவுக்குத் தட்டோடு போனால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஒரு வார்த்தை போட்டார். துரைக்கண்ணு அதை எதிர்க்கவில்லை. கோவிந்து நம் வீட்டு ஆள், அவனுக்கு எதற்குத் தட்டும் மரியாதையும் என்று மனைவியிடம் சொன்னார். வீட்டு ஆள் என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. வள்ளியம்மை தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

பத்திரிகையில் ‘திரு. கோவிந்தராசு குடும்பத்தினர்’ என்று எழுதி டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் மேலே வைத்துவிட்டு வந்தார் துரைக்கண்ணு. கோவிந்தராசு கல்யாண மண்டபத்துக்கு லைன் இழுத்தார், லோக்கல் சேனலில் நேரடியாகப் போக ஏற்பாடு செய்தார், முந்தின நாள் சாயங்காலம் எல்லாத் தலையையும் துடைத்துவைத்தார். முகூர்த்தத்துக்கு அவர் வரவில்லை. படம் மட்டும் அவ்வளவு சுத்தமாகப் போனது, சம்பந்தி வீட்டார் கூடப் பாராட்டினார்கள். மறுநாள் துரைக்கண்ணு ரூமைத் திறந்தபோது பத்திரிகை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மேலே கோவிந்தராசுவின் சாவிக்கொத்து.

அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு நாள் கழித்து வருவான் என்று இருந்தார். பிறகு, நானாகப் போய் நிற்பதா என்று இருந்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதற்குள் கோவிந்தராசு இன்டர்நெட் கம்பி ஒட்டுகிற ஒரு கம்பெனியில் சேர்ந்து கீழ்வேளூர் பக்கம் வேலைக்குப் போய்வரத் தொடங்கினார்.

இந்த ஊரில் ஒருவரைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம், பேசாமல் இருப்பது சுலபம். காலை ஏழரைக்குக் கோவிந்தராசுவின் வண்டி கடைத்தெருவைத் தாண்டும். துரைக்கண்ணு மாடி ஜன்னலில் பல் துலக்குகிற பாவனையில் நிற்பார். அந்த வண்டிச் சத்தம் தேய்கிறவரை வாயிலிருந்து பிரஷ்ஷை எடுக்கமாட்டார். ரூமில் அந்த ஸ்டூலில் யாரையும் உட்காரவிட்டதில்லை. ஏதாவது நல்ல கிண்டல் தோன்றினால் சொல்ல ஆள் இல்லாமல் அது வாயிலேயே கசந்துபோகும். பொண்டாட்டியிடம் சொல்ல முடியாதது, பிள்ளையிடம் சொல்ல முடியாதது என்று ஒரு மனிதனுக்கு எவ்வளவோ இருக்கிறது. அது அத்தனையும் ஆறு வருஷமாக அவர் நெஞ்சில் தேங்கிக் கிடந்தது. தலைகளைத் துடைப்பதும் விட்டுப்போனது. டிஜிட்டல் வந்த பிறகு புள்ளி வருவதில்லை. அதற்குப் பதில் எண் கூடிய மேல் சேனல்களில் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். யாராவது போன் செய்து திட்டினால் போய்த் துடைப்பார்.

இப்போது மகன் பரணிதரனுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்த நாளிலிருந்து துரைக்கண்ணுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோவிந்தராசு வராமல் இன்னொரு கல்யாணம் நடந்தால் அப்புறம் சாவுக்குத்தான் வருவான், அதுவும் என் சாவுக்கு என்று அவருக்குத் தோன்றியது. அவனைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும், பத்திரிகை கொடுக்க வேண்டும். ஆனால் தெற்குத்தெருவில் ஆறு வருஷம் கழித்துப் போய் நிற்க முகம் இல்லை. அவன் இங்கே வந்தால் பேச்சு வாக்கில் கொடுத்துவிடலாம். அவன் எதற்கு வருவான்? பெட்டி கெட்டால் வருவான்.

வியாழக்கிழமை கோவிந்தராசுவுக்கு விடுமுறை. துரைக்கண்ணு பச்சைத் தலையைப் பிடுங்கினார். புதிதாக வாங்கிவைத்திருந்த நீலத்தைச் சொருகினார். சுவர் டிவியில் மேல் சேனலில் அழுதுகொண்டிருந்த மாமியாரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. இரண்டு நிமிஷத்தில் போன் வரத் தொடங்கியது. எல்லோரிடமும் ஆள் வருகிறது என்றார். பிறகு ஆறு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பரை அழுத்தினார்.

கோவிந்தராசு மூன்று கேள்விதான் கேட்டார். மேல் சேனல் மட்டுமா, மீட்டரில் வெளிச்சம் எவ்வளவு, எல்லா ஊருக்குமா. அரை மணியில் வருகிறேன் என்று வைத்துவிட்டார். துரைக்கண்ணு சட்டையை மாற்றினார், தலை சீவினார். ஜன்னலில் தலையை நீட்டி, அல்லா பிச்சையிடம் இரண்டு டீ, ஒன்று சர்க்கரை இல்லாமல் என்றார். அல்லா பிச்சை ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

கோவிந்தராசு படியேறி வந்தபோது அவர் தலை முழுக்க நரைத்திருப்பதைத் துரைக்கண்ணு கண்டார். வண்டியில் போகும்போது ஹெல்மெட் அதை மறைத்திருந்தது. வணக்கம் என்றார் கோவிந்தராசு, தெரியாத வீட்டுக்கு வேலைக்கு வந்தவர் மாதிரி. நேரே பெட்டியின் பின்பக்கம் போனார். பத்து எண்ணுவதற்குள் கண்டுபிடித்தார். பளபளவென்று புது நீல ஒயர், அதன் மூடி மேஜைமேல் கிடந்தது. சுவரில் அவர் கையெழுத்து இருந்தது. அதை ஒருமுறை படித்தார். தன் பையிலிருந்து தாளை எடுத்துப் பச்சைத் தலையைத் துடைத்து மாட்டினார். மாமியார் முகம் ஒன்றுகூடியது.

டீ வந்தது. துரைக்கண்ணு மேஜை டிராயரைத் திறந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து நீட்டினார். பரணிக்கு வைகாசி பதினெட்டு என்று சொன்னார். கோவிந்தராசு கை நீட்டவில்லை.

“இதுக்குத்தான் நீலத்தச் சொருவுனீங்களா?”

துரைக்கண்ணு பத்திரிகையை நீட்டியபடியே தலையாட்டினார்.

“அந்தத் தப்ப மொதல்ல கண்டுபுடிச்சவனே நான்தான். அத வச்சே என்னக் கூப்புட்டிருக்கீங்க.” கோவிந்தராசு சத்தம் போடவில்லை. “எங்க வாசல்ல நிக்கிற கம்பத்துல நூறு தடவ ஏறியிருப்பீங்க. வீட்டுக்குள்ள ஒரு தடவ வந்ததில்ல. அப்பயும் பத்திரிகைய இந்தப் பெட்டி மேலதான் வச்சீங்க, இப்பயும் இங்கதான் நீட்டுறீங்க. எனக்கு வீடு இருக்குங்க.”

டீயை நின்றபடியே குடித்து முடித்தார். தம்ளரைத் தானே கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ‘வாங்க போங்க’ என்று தன்னிடம் தனியாக இருக்கும்போது அவர் பேசியது இதுதான் முதல் தடவை என்று துரைக்கண்ணுவுக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். ஐம்பத்தாறு வயதில் அழுவதற்கு ஒரு தனி ரூம் இருப்பது பெரிய வசதி.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார், நீல ஒயர் உட்பட. வள்ளியம்மை அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அலமாரியைத் திறந்து வெள்ளித் தட்டை எடுத்துத் துடைத்தாள். “அன்னிக்கு எடுத்து வச்சது இந்தத் தட்டுதான்” என்றாள். அண்ணனிடம் இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கோவிந்தராசு வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே, இருவரும் நடந்தே போனார்கள். வண்டியில் போனால் ஓடிப்போய் வந்த மாதிரி இருக்கும் என்றாள் வள்ளியம்மை. இருபுறமும் உளுந்து எடுத்த வயல் வெடித்துக் கிடந்தது, வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. தட்டு மனைவியின் கையில் இருந்தது. தெற்குத்தெரு முனையில் துரைக்கண்ணு அதைக் கேட்டு வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். தெருவே பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, பார்க்கட்டும் என்று நடந்தார். தெரிந்த கம்பம் வந்தது. அதைத் தாண்டிச் செருப்பை விட்டார்.

கோவிந்தராசுவின் மனைவி பொன்னுத்தாய்தான் வாங்க என்றாள். இரண்டு நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். வள்ளியம்மை முழுவதையும் குடித்தாள். துரைக்கண்ணு குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டார். உள்ளேயிருந்து கோவிந்தராசு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் எழுந்து நின்று தட்டை நீட்டினார்கள்.

“பரணிக்குக் கல்யாணம். நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே வந்து நடத்திக் குடுக்கணும்” என்றார் துரைக்கண்ணு. இந்த வார்த்தையை ஒரு வாரமாக நூறு வீட்டில் சொல்லியிருக்கிறார். இங்கேதான் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கவிப்ரியா கல்யாணத்துக்கும் இப்படித்தான் வந்திருக்கணும். வரல. தப்பு என்னோடதுதான்.”

கோவிந்தராசு தம்பதி சேர்ந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்கள். பொன்னுத்தாய் வருகிறோம் என்றாள். பெண்கள் இருவரும் பரணியின் பெண் எந்த ஊர் என்று பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.

ஆண்கள் இருவரும் தனியாக இருந்தார்கள். துரைக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு, நீ இல்லாமல் அந்த ரூமில் உட்கார முடியவில்லை கோவிந்து, திரும்பி வந்துவிடு என்றார். சொல்லி முடித்த பிறகு, இதைச் சொல்ல ஆறு வருஷமா ஆனது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

“கல்யாணத்துக்கு வர்றேன் துரை,” என்றார் கோவிந்தராசு. “குடும்பத்தோட வர்றேன், பந்தியில உக்காந்து சாப்புடுறேன். ரூமுக்கு வரமாட்டேன். அது முடிஞ்சிபோச்சு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் துரைக்கண்ணு கெஞ்சியிருப்பார். சாதாரணமாகச் சொன்னார், அதனால் கெஞ்ச இடம் இல்லை. கூட்டாளியைத் தேடி வந்தவருக்கு விருந்தாளி கிடைத்திருந்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்தார்.

அப்போதுதான் சுவரில் டிவியைக் கவனித்தார். அதன் கீழே அவருடைய கேபிள் பெட்டி, பழைய மாடல். தெருவில் மற்ற எல்லா வீட்டுக் கூரையிலும் டிஷ் இருந்ததை வரும்போது பார்த்திருந்தார். கோவிந்தராசு அவர் கண் போன இடத்தைப் பார்த்தார்.

“மாசத்துக்கு ரெண்டு தடவ மேல் சேனல் சிதறுது. தொடைக்கிறதே இல்லையா நீ?” என்றார். பிறகு, “மாசி மாசம் சேர்ந்தாப்புல அஞ்சு நாள் சிதறுச்சு. அப்ப எங்க போயிருந்த?”

“தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில. கண் ஆபரேஷன்.”

“அதான் பாத்தேன்,” என்றார் கோவிந்தராசு. “அஞ்சு நாளும் ராத்திரி இதப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். ஆறாம் நாள் படம் சரியாச்சு. சரி, வந்துட்டான்னு அமத்துனேன்.”

திரும்பி நடக்கும்போது வள்ளியம்மை, வருகிறேன் என்று சொல்லிவிட்டாரே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். துரைக்கண்ணு திரும்பி அந்தக் கம்பத்தைப் பார்த்தார். வண்டிச் சத்தத்தைக் கேட்க அவர் ஜன்னலில் நின்ற நாளெல்லாம், ஒன்றரை கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒருவன் படம் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, போனை அணைத்துவிட்டு, துரைக்கண்ணு பச்சைத் தலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். ஆறு ஊரில் ஆயிரத்துச் சொச்சம் வீடு இருக்கிறது. அவர் துடைப்பது ஒரு வீட்டுக்காகத்தான்.